கிளி தொட்டதா, இல்லையா?

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, பள்ளிக்கூட மணி, மரத்தடி வகுப்பு என்று எல்லோரும் எழுதுவதையே நானும் எழுதத் தொடங்கியிருந்தேன். நல்ல வேளை, கோடை ஒன்றுகூடலில் ஒரு சண்டை வந்தது.

சண்டை என்றால் கைகலப்பு இல்லை. 55 வயதைத் தாண்டிய 14 பேர், அதில் இரண்டு பேர் முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர்கள், பூங்காப் புல்லில் வெறுங்காலோடு நின்று, கிளித்தட்டு ஆட்டத்தில் கிளி ஒருவரின் முதுகில் தொட்டதா இல்லையா என்று 20 நிமிடம் கத்தினோம். அந்தக் கிளி நான்.

எங்கள் ஒன்றுகூடல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பேச்சு, படம் எடுத்தல், சாப்பாடு, அப்புறம் ஆளுக்கொரு கதிரையில் சாய்ந்து கைபேசி. பிள்ளைகளைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. 1997இல் நோக்கியா 6110இல் பாம்பு விளையாட்டு வந்த நாளிலேயே குனிந்த தலைகள் இவை. இந்த முறை உபதலைவர், பகிடிக்குத்தானோ தெரியாது, வாட்ஸ்அப் குழுமத்தில் "கிளித்தட்டு விளையாடுவமே?" என்று ஒரு வரி போட்டார். பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் கண் விழிக்கும் குழுமம் ஒரு வாரம் தூங்கவே இல்லை.

வந்த செய்திகளில் பாதி விதிகளைப் பற்றியது. மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நீள்சதுரம், நடுவே நெடுக ஒரு கோடு, அதைக் குறுக்குக் கோடுகள் பெட்டிகளாக வெட்டும். மறிக்கிற அணியில் ஆளுக்கொரு குறுக்குக் கோடு. அதைவிட்டு அசையக் கூடாது. கிளி மட்டும் நடுக்கோட்டில் நெடுக ஓடலாம். இறங்குகிற அணி யாரிடமும் அடிபடாமல் கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்பி வரவேண்டும். போகிறவர் காய், திரும்புகிறவர் பழம். இவ்வளவுக்கும் மறுபேச்சில்லை. காயும் பழமும் ஒரே பெட்டிக்குள் நிற்கலாமா, நின்றால் முழு அணியும் அவுட்டா? அங்கேதான் பிடுங்குப்பாடு. ஒருவர் இணையத்தில் தேடி ஒரு விதித்தாளை எடுத்துப் போட்டார். "இது எங்கட கிளித்தட்டு இல்லை" என்று ஆறு பேர் ஒரே மூச்சில் பதில் எழுதினார்கள்.

சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே நினைவுக்கு வந்தார். பிள்ளைகளுக்கு நியாய அநியாயம் எப்படிப் பிடிபடுகிறது என்று ஆராய வெளிக்கிட்டவர், போளையை, அதுதான் கோலிக்குண்டை, கையில் எடுத்துக்கொண்டு சிறுவர்களிடம் போனார். எனக்கு மறந்துபோய்விட்டது, விளையாடக் காட்டித் தா என்று கேட்டார். பிறகு, இந்த விதியை யார் உண்டாக்கியது, மாற்றலாமா என்றார். சின்னவர்கள், அது அப்பாவோ கடவுளோ தந்தது, தொடக் கூடாது என்றார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்கள், எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்றார்கள். 1932இல் இதை வெளியிட்டார். எங்கள் குழுமத்தில் அரைவாசிப் பேர் இன்னும் ஆறு வயதிலேயே நிற்கிறார்கள் என்பது என் கணிப்பு.

(அதே 1932இல்தான் இங்கிலாந்தின் டின்ஸ்லி கிரீனில் போளைச் சுற்றுப்போட்டி தொடங்கியது. இன்றும் பெரிய வெள்ளியன்று வளர்ந்த ஆட்கள் கூடி, ஆறடி வட்டத்துக்குள் 49 போளையை வைத்து அடிக்கிறார்கள். முதலில் 25ஐ வெளியேற்றும் அணிக்கு வெற்றி. "இந்த வயசில உங்களுக்கு விளையாட்டோ?" என்று கேட்ட வீட்டுக்காரருக்கு இதைக் காட்டினோம். மசியவில்லை.)

பள்ளி மைதானத்தில் குதிக்காலை இழுத்தால் கோடு. புல்லில் அது ஏலாது. நைலோன் கயிறு விரித்தோம். ஒருவர் கால் தடக்கி விழுந்ததும் சுருட்டி வைத்துவிட்டு, சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக அடுக்கினோம். சப்பாத்துக்கும் சப்பாத்துக்கும் நடுவில் கோடு இருக்கிறது என்று நம்பவேண்டும். நம்பினோம்.

ஓட முடியாதவர்கள் ஓரத்தில் கொக்கான் வெட்டினார்கள். எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்த அக்கா ஒருவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது. கோப்பை தூக்கினால் கை நடுங்கும். ஒரு கல்லை மேலே எறிந்தார், நிலத்தில் கிடந்த நாலையும் ஒரே வாரில் வாரினார், விழுந்த கல்லைப் பிடித்தார். மேலே போன கல்லை அவர் பார்க்கவே இல்லை. சிரிக்கவும் இல்லை. வியன்னா அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஏறக்குறைய 80 விளையாட்டு, ஆனால் முகங்களைப் பார்த்தால் எல்லாம் பெரிய ஆட்களின் முகம். கீழே இடது மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளை வைத்து எங்கள் கொக்கானைப்போல் ஒன்று விளையாடுகிறார்கள். அக்காவையும் அதில் ஒட்டிவிடலாம்.

சரி, கிளித்தட்டுக்கு வருகிறேன். முதல் தகராறு வந்தபோது, ஓரத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன் கைபேசியை நீட்டினான். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். கை பட்டது தெளிவாகத் தெரிந்தது. பத்து விநாடியில் தீர்ப்பு. அவுட்டானவர் வாய் திறக்காமல் போய்க் கதிரையில் இருந்தார். எல்லோரும் சரி என்றோம், அதோடு ஆட்டம் செத்துப்போனது. மறிக்கிறவர்கள் கோட்டில் நின்று மணி பார்த்தார்கள். கடைசியில், தீர்ப்பில் வென்ற அணிக்காரரே, "எல்லாரும் ஃபோனை இந்தப் பைக்குள்ள போடுங்கோ" என்றார்.

பள்ளியில் கிளித்தட்டுக்கு நடுவர் இருந்ததில்லை. வாத்தியார் அந்தப் பக்கம் வந்தால் ஆட்டம் நின்றுவிடும். தொட்டதை இல்லையென்று சாதிக்கிற அளாப்பி ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தான். அவனைத் துரத்தவும் ஏலாது, துரத்தினால் ஆள் காணாது. ஆகவே கத்தி, கெஞ்சி, இரண்டு நாள் கதையாமல் விட்டு, மூன்றாம் நாள் திரும்பச் சேர்த்துக்கொள்வோம். கைபேசி விளையாட்டில் அளாப்ப முடியாது. இயந்திரம் அவுட் என்றால் அவுட். ஆளைப் பிடிக்காவிட்டால் ஒரு பொத்தான்.

இதை ஏதோ பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். நான் உப்புக்குச் சப்பாணி. அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறவன், அடிபட்டாலும் கணக்கில்லாதவன். கிளியாக நின்றது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ஆகவேதான் விடவில்லை. எதிரணியில் பழமாகித் திரும்பியவர் கடைசிப் பெட்டியில் நின்று உடம்பை இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் பாய்ந்தார். நடுக்கோட்டில் ஓடிவந்து கையை நீட்டினேன்.

"தொட்டாச்சு!"

"தொடேல்லை!"

"அளாப்பாதை மச்சான்!"

"ஆரடா அளாப்பி? நீ கோட்டை விட்டிட்டாய்!"

கோடு எங்கே இருந்தது என்று சப்பாத்துகளைக் கேட்கவேண்டும். மற்ற 12 பேரும் இரண்டாகப் பிரிந்தார்கள். காய்-பழம் விவகாரம் திரும்பவும் கிளம்பியது. பைக்குள் கைபேசிகள் அதிர்ந்துகொண்டிருந்தன, ஒருவரும் எடுக்கவில்லை. இருட்டியபிறகு, திருப்பி விளையாடுவோம் என்று முடிவாகி, யாருக்கும் மூச்சில்லாமல் அப்படியே புல்லில் இருந்துவிட்டோம்.

அந்தப் பழம் இந்த மலர்க் குழுவில் இருக்கிறார். இந்தப் பகுதியை வெட்டாமல் விடுவார் என்று நம்புகிறேன். அவர் அன்று போட்டிருந்த நீலச் சேட்டு முதுகில் தொப்பலாக நனைந்திருந்தது. தொடாமல் எனக்கு அது எப்படித் தெரியும்?