‘ஹிலாங்’ என்ற ஒரு சொல்லும் மூன்று நாள் லீவும்

என் ஆண்டு விடுப்பில் ஆறு நாள் காலி. லங்காவி பார்க்கவில்லை, ஊருக்கும் போகவில்லை. பினாங்குத் தீவுக்குள்ளேயே போலீஸ் நிலையம், அடையாள அட்டை தரும் பதிவிலாகா, வங்கி, ஆஸ்பத்திரி, நில அலுவலகம் என்று சுற்றியே தீர்ந்தது. அதில் மூன்று நாள் ஒரே ஒரு மலாய்ச் சொல்லால் வீண். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கதை இதுதான். பெரியம்மாவுக்கு 74 வயது, பிள்ளை குட்டி இல்லை, ஜெலுத்தோங்கில் சொந்த வீடு. பெரியப்பா தவறியதிலிருந்து பெர்க்கேசோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பென்சனில்தான் காலம் ஓடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, பெரியப்பாவின் தம்பி மகன் “நான் பார்த்துக்கிறேன்” என்று வந்து தங்கினான். நாங்களும் நிம்மதியாக விட்டுவிட்டோம். அதுதான் எங்கள் தப்பு. நான் சுங்கை ஆராவில் இருக்கிறேன், காரில் போனால் எட்டிப் பிடிக்கும் தூரம். மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதோடு சரி.

ஒருநாள் ஃபிரிட்ஜைத் திறந்தேன். லைட் எரியவில்லை. உள்ளே கற்பூர டப்பா, ஊதுபத்தி, விபூதி மடல், மடித்து வைத்த இரண்டு சேலை. ஃபிரிட்ஜை அலமாரியாக்கியிருந்தார் பெரியம்மா. “கரண்டு காசு ஏறுதுன்னு அடைச்சுட்டான்ம்மா. எனக்கெதுக்கு, பாலா வாங்கி வைக்கப்போறேன்?” மத்தியானச் சாப்பாடு வெறும் தேநீரில் முக்கிய ரொட்டி. வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால், பென்சன் ஏறுகிற அன்றே மொத்தமும் எடுக்கப்பட்டிருக்கிறது, இரண்டு வருஷமாக. ஏடிஎம் கார்டு அவனிடம், ஐசி என்கிற அடையாள அட்டையும் அவனிடம். போதாக்குறைக்குப் பெரியம்மாவின் பெருவிரல் நகக்கண்ணில் நீல மை. “ஏதோ ஆஸ்பத்திரி பாரமாம், கைநாட்டு வச்சேன்.”

முதலில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997க்கு அடித்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது இணைய மோசடிக்கான எண், கூட இருக்கும் உறவுக்காரர் கார்டைப் பிடுங்கிக்கொண்டால் போலீசுக்குப் போங்கள் என்றார். அவர் சொன்னது சரிதான். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்த மையத்தில் போலீஸ், மத்திய வங்கியான பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் கைகோத்து நிற்கின்றன. முகம் தெரியாதவன் சுருட்டினால் அத்தனை பேரும் ஓடுகிறார்கள். வீட்டுக்குள்ளேயே சோறு தின்றுகொண்டு சுருட்டினால் நாம்தான் ஒவ்வொரு கதவாகத் தட்டவேண்டும்.

அடுத்த நாள் லீவு போட்டு, பெரியம்மாவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். எந்த நிலையம் என்று சொல்லவில்லை. கவுண்டரில் இருந்தவர் இளவயசுப் பையன், மரியாதைக்குக் குறைவில்லை. பெரியம்மா தமிழும் மலாயும் கலந்து கால் மணி நேரம் சொன்னதை அவர் நாலே வரியில் தட்டினார். பிரிண்ட் எடுத்தார், கையெழுத்துப் போடச் சொன்னார். பெரியம்மா தன் நடுங்கும் கையால் தமிழில் போட்டார். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது. ஐசியும் ஏடிஎம் கார்டும் ‘ஹிலாங்’ என்று இருந்தது. காணாமல் போய்விட்டதாம். அவன் பெயர் எங்கேயும் இல்லை.

பெரிய விஷயமா, ஐசி வாங்கினால் போதும் என்று நினைத்தேன். அந்தச் சொல் போகிற இடமெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பதிவிலாகாவில், தொலைத்ததற்கு அபராதம் கட்டு என்றார்கள். 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். கட்டித் தொலைத்தோம். வங்கியில், கார்டு தொலைந்ததென்றால் புதுக் கார்டு தருகிறோம், பழைய பணத்தைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை, பின் நம்பரை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள் என்றார்கள். அதோடு விட்டார்களா? கையெழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று பெரியம்மாவை நாலு தடவை போடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் கோடு இன்னும் கோணலாகப் போனது. கடைசியில் அவர் பேனாவை வைத்துவிட்டு, “எனக்கு என் பேரே மறந்துடும் போலிருக்கு, வீட்டுக்குப் போவோம் வா” என்றார். வெறுங்கையோடு திரும்பினோம். மூன்றாவது நாள் விசாரணை அதிகாரியைப் பார்க்கப் போனால், “காணாமல் போன பொருளுக்கு என்ன குற்றம்? மற்றதெல்லாம் கெஸ் கெலுவார்கா, குடும்ப விவகாரம், குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளுங்கள்” என்றார். அவர் கையில் இருந்த தாளில் அப்படித்தானே எழுதியிருக்கிறது!

ஆகவே முதல் எச்சரிக்கை. கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். யார் எடுத்தார், எப்போதிலிருந்து வைத்திருக்கிறார், கேட்டும் தரவில்லை, இந்த மூன்றும் இல்லாத ரிப்போர்ட் வெறும் காகிதம். பின்னால் வரிசை நீளுகிறதே என்று கூச்சப்படாதீர்கள். பிறத்தியார் ஐசியைத் தக்க காரணமில்லாமல் வைத்திருப்பதே 1990ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளின்படி குற்றம் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அன்றிரவு 15999க்கு, தாலியான் காசே என்கிற அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவைக்கு, அடித்தேன். நடந்ததைப் பதிந்துகொண்டு ஒரு எண் கொடுத்தார்கள், மாவட்ட சமூக நல இலாகாவுக்குத் தகவல் போகும் என்றார்கள். அந்த எண்ணை எழுதி வைத்தது பிறகு பெரிய புண்ணியமாயிற்று.

இலாகா அழைப்பதற்குள் அவன் வந்துவிட்டான். ரிப்போர்ட் போன சேதி எப்படியோ காதுக்கு எட்டியிருக்கிறது. சத்தம் போட்டு, புது ஐசியைப் பிடுங்கப் பார்த்து, பெரியம்மாவைக் கதவோடு தள்ளியிருக்கிறான். பக்கத்து வீட்டுச் சீன அம்மா போன் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் பெரியம்மாவின் வேண்டுதல் ஒன்றுதான்: “விழுந்துட்டேன்னு சொல்லும்மா. அவன் பாவம், வேலை இல்லாதவன்.” கவுண்டரில் மிஸ்ஸி, அதாவது தாதி, என்ன ஆச்சு என்று கேட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ‘விழுந்துட்டாங்க’ என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு பொய்ச் சொல் மூன்று நாளைத் தின்றிருந்ததால் விழுங்கிக்கொண்டு, “தள்ளிவிட்டார்கள்” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எல்லாமே மாறியது. பொது வரிசையிலிருந்து எங்களை ஒரு தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர் என்பது அதுதான். 1994இல் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, பிறகு நாட்டின் மற்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தது. பாலியல் கொடுமைக்கும் குழந்தை வதைக்கும்தான் அந்த அறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வீட்டு ஆள் அடித்த கிழவிக்கும் அதே அறைதான். டாக்டர் அங்கேயே வருகிறார், போலீஸ் அங்கேயே வருகிறது, மருத்துவச் சமூகப் பணியாளர் அங்கேயே வருகிறார். நாம் எங்கும் ஓடவேண்டியதில்லை.

அந்தச் சமூகப் பணியாளர் ஒரு மலாய்க்கார அக்கா. வந்ததும் முதல் வேலையாக என்னை வெளியே போகச் சொன்னார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆறு இடம் அலைந்தவள் நான், லீவு போட்டவள் நான், அபராதம் கட்டியவளும் நான். என்னையே வெளியே தள்ளிவிட்டு, தமிழ் பேசும் ஒரு தாதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்து நாற்காலியில் முக்கால் மணி நேரம் பொருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வெளியே வந்து அந்த அக்கா சொன்னது: “பணம் எடுத்தவனும் உறவு, நீங்களும் உறவு. அவருக்காக நீங்கள் பேசினால், நாளைக்கு அவன் வக்கீல் இதைத்தான் முதலில் கேட்பான்.” பதில் பேச வாய் வரவில்லை. அதுவரை எல்லா அலுவலகத்திலும் பெரியம்மா வாய் திறக்குமுன் நானே பேசிக்கொண்டிருந்தேன். வங்கியில் என்னை அவர்கள் ஒரு மாதிரிப் பார்த்ததன் காரணமும் அப்போதுதான் உறைத்தது. கூடப் போகிறவர்களே, வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த அதிகாரியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று கேளுங்கள், நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள்.

உள்ளே பெரியம்மா எனக்குக்கூடச் சொல்லாததைச் சொல்லியிருக்கிறார். தாலிக்கொடியை அவன் அடகு வைத்தது உட்பட.

அதன்பின் ஓடிய வேகம் எனக்கே நம்பமுடியவில்லை. அக்கா என் தாலியான் காசே எண்ணைச் சொல்லி இலாகாவுக்குப் போன் போட்டார். மறுநாள் காலை சமூக நல அதிகாரி வந்து அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். ஏழு நாளைக்கு அவன் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு, அடி உதை விஷயத்தில் இந்த உத்தரவை நீதிமன்றத்துக்குப் போகாமல் அந்த அதிகாரியே கொடுக்கலாம். அதே திருத்தம் பாதிக்கப்பட்டவரின் சொத்தை நேர்மையற்று எடுத்துக்கொண்டு மனவேதனை கொடுப்பதையும் 1994ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. புருஷன் பெண்டாட்டி மட்டுமல்ல, கல்யாண வழி உறவும் அதில் அடங்கும். இதை நான் ‘கெஸ் கெலுவார்கா’ அதிகாரியிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இலாகா அதிகாரி போனில் சொன்னதும், பெண்கள், குழந்தைகள் வழக்குகளைப் பார்க்கும் பிரிவிலிருந்து வேறொரு அதிகாரி வந்தார். இரண்டாவது ரிப்போர்ட் இரண்டு பக்கம். ‘ஹிலாங்’ இல்லை. ஏழு நாள் முடிவதற்குள் மாஜிஸ்திரேட்டிடம் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும் வாங்கியாயிற்று.

வங்கியும் இப்போது வேறு முகம் காட்டியது. ரிப்போர்ட், இலாகாக் கடிதம், டாக்டர் கடிதம் மூன்றையும் ஒன்றாக வைத்தோம். மேலாளரே வெளியே வந்து கைநாட்டுப் பதிவு எடுத்துக்கொண்டார். பத்து நிமிஷ வேலை. போன முறை அழுதுகொண்டு எழுந்து வந்தது இதே நாற்காலியிலிருந்துதான்.

டாக்டர் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம். பெரியம்மாவின் நினைவாற்றலைச் சோதித்தார்கள். என்ன கிழமை, எந்த ஊர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, கடிகாரம் வரைந்து காட்டு. பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னதற்கு, “நீங்க மணிக்கூடு கட்டலையா டாக்டர்?” என்று கேட்டாராம். லேசான மறதி, ஆனால் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யக்கூடியவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தாள் எங்களுக்குத் தங்கம். இல்லையென்றால் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றம் போய், சொத்தைப் பார்த்துக்கொள்ளக் குழு அமைக்கக் கேட்கவேண்டும். அது வேறு நெடுங்கதை, செலவும் அதிகம். வீட்டில் பெரியவர்களுக்கு நினைவு தப்ப ஆரம்பிக்குமுன் செய்யவேண்டியதைச் செய்துவிடுங்கள். நம் நாட்டில் பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது நமக்காகக் காரியம் பார்க்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், கொடுத்தவரின் புத்தி தடுமாறினால் அதோடு செத்துப்போகும்.

பவர் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்த நீல மை. ‘ஆஸ்பத்திரி பாரம்’ உண்மையில் வீட்டை அவன் பெயரில் கையாளும் அதிகாரப் பத்திரம். நகல் உயர் நீதிமன்றப் பதிவகத்தில் இருந்தது. இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ரத்துப் பத்திரம் தயாரித்து லைட் ஸ்திரீட்டில் உள்ள அந்தப் பதிவகத்திலேயே பதிந்துவிட்டார். ரத்து செய்வது மட்டும் போதாது, அதையும் அங்கே பதியவேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கடைசி வெட்டி அலைச்சல் நில அலுவலகத்தில். இணையத்தில் படித்துவிட்டு மேதாவியாக 19பி பாரத்தை நிரப்பி, நிலத்தைக் கைமாற்றவிடாமல் தடுக்கும் கேவியட் போடப் போனேன். குமாஸ்தா பாரத்தையும் என்னையும் பார்த்தார். அது அடுத்தவர் நிலத்தில் தனக்கு உரிமை உண்டு என்கிறவர் போடுவதாம், சொந்தக்காரரே தன் நிலத்துக்கு எதற்குப் போடுகிறீர்கள் என்றார். மோசடியைத் தடுக்கவேண்டும் என்றால் நிலச் சட்டம் 320ஆவது பிரிவின் கீழ் பதிவதிகாரியின் கேவியட், அதற்குப் போலீஸ் ரிப்போர்ட்டோடு கடிதம். அவர் சொன்னதில் தப்பில்லை, அரை நாள் போனது என் அவசரத்தால்தான். மறுபடி போய்க் கொடுத்தோம்.

பணம் திரும்பி வரவில்லை, வரும் என்று நான் நம்பவும் இல்லை. தாலிக்கொடியின் அடகுச் சீட்டைப் போலீஸ் கைப்பற்றியிருக்கிறது. ஃபிரிட்ஜ் ஓடுகிறது, கற்பூர டப்பா மட்டும் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது, எடுக்க விடமாட்டேன் என்கிறார். தீபாவளிக்கு அவனைக் கூப்பிடலாமா என்று போன வாரம் மெல்லக் கேட்டார். உத்தரவு இருக்கிறது பெரியம்மா என்றேன். “உத்தரவு எனக்கா அவனுக்கா?” என்றார்.

நேற்று விசாரணை அதிகாரி அழைத்தார். அவருக்கு மாற்றலாம், ஃபைல் வேறொருவர் கைக்குப் போகிறதாம். இரண்டு ரிப்போர்ட், மூன்று கடிதம், உத்தரவு, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் இன்னொரு செட் நகல் எடுத்து வைத்துவிட்டேன். முதல் ரிப்போர்ட்டில் ‘ஹிலாங்’ என்ற இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன்.