கடலூரில் ஒரு சீட்: கட்டணத்தை வைத்துக் கல்லூரி தேடிய கதை

அக்கா மகள் சங்கவி 2025-இல் பிளஸ் டூ முடித்தாள். ரிசல்ட் வருவதற்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில், அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "நம்ம வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்சவ நீ ஒருத்திதான். எங்க போடலாம், எவ்வளவு ஆகும்னு நீயே பார்த்துச் சொல்லு." நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரிகளைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. கணக்கு தெரியும்.

அதனால் கோர்ஸ் பேச்சை எடுப்பதற்கு முன்னால் மாமாவிடம் ஒரு தொகை கேட்டேன். அவர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "மாசம் மூவாயிரம் வரைக்கும் தள்ளலாம்" என்றார். வருஷத்துக்கு 36,000. படிப்பு, பஸ், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதற்குள். தொகையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இதைக் கேட்காமல் தேட ஆரம்பிக்கிற வீடுகளில்தான் ஜூலை மாதம் நகை அடகுக்குப் போகிறது.

விசாரிக்க ஆரம்பித்ததும் எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம், கட்டணச் சலுகை என்பது கல்லூரியைப் பொறுத்ததல்ல, நாம் எந்த வழியாகச் சேர்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே வகுப்பறையில் பக்கத்து பக்கத்து பெஞ்சில் உட்காரும் இரண்டு பேரில் ஒருத்தி ஒரு ரூபாய் கட்டாமல் படிப்பாள், இன்னொருத்தி வருஷத்துக்கு 85,000 கட்டுவாள். ஆகவே "எந்தக் காலேஜ் சீப்?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. "இந்தப் பிள்ளைக்கு எந்த வழியில் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டால்தான் நோட்டில் எதையாவது எழுத முடியும்.

இருப்பதில் பெரிய சலுகை அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டித்தார்கள். அதில் சீட் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும். சங்கவி அரசுப் பெண்கள் பள்ளிதானே என்று அக்கா சந்தோஷப்பட்டாள். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். சங்கவி ஆறும் ஏழும் மெட்ரிக் பள்ளியில். கொரோனா வருஷத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல்தான் எட்டாவதுக்கு இங்கே மாறினாள். அதோடு அந்தக் கதவு மூடியது. அதே காரணத்தால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரமும் கிடையாது. அக்காவுக்கு வயிறு எரிந்தது. சங்கவியின் தம்பி ஆறாவதே அரசுப் பள்ளியில்தான் சேர்ந்தான். அவனை இடையில் எங்கேயும் மாற்றிவிடாதே என்று அப்போதே அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

மிச்சமிருந்தது முதல் பட்டதாரிச் சலுகை. தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் வருஷத்துக்கு 25,000 ரூபாய் கழியும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கழியாது. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அதோடு பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க பி.காம் ஆச்சே?" என்று இழுத்தார். "சார், நான் சித்தி. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, கூடப் பிறந்தவங்களைத்தானே பார்க்கணும்?" என்றேன். சிரித்துக்கொண்டே பரிந்துரை செய்துவிட்டார். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாவற்றுக்கும் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்தது நல்லதாயிற்று. ரிசல்ட் வந்த வாரத்தில் இ-சேவை மையத்தில் நிற்க இடமில்லை.

அப்புறம் எங்கெங்கே விண்ணப்பிப்பது என்ற கேள்வி. விண்ணப்பக் கட்டணத்திலேயே ஐந்தாயிரம், ஆறாயிரம் கரைத்துவிட்டு நிற்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தனி விண்ணப்பம், தனி நுழைவுத் தேர்வு, தனிக் கட்டணம். முதல் பட்டதாரிச் சலுகை அங்கே செல்லாது. அந்த வரிசையை மொத்தமாக அடித்துவிட்டேன். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் பொது விண்ணப்பம். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். அதில் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியை முதலில் வைத்தோம், அடுத்து சி.முட்லூரில் இருக்கும் சிதம்பரம் அரசு கலைக் கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரி. பொறியியலுக்கு டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு. அதன் பதிவு 500 ரூபாய், பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. இந்த ஒரு பதிவுக்குள் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள், அரசுக் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாம் அடங்கிவிடும். எங்கள் விண்ணப்பச் செலவு மொத்தம் 550 ரூபாய்.

பாண்டிச்சேரியை விட்டுவிட்டாயே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள். தென்பெண்ணையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் முள்ளோடை, அங்கிருந்து புதுச்சேரி எல்லை. பாகூரில் எங்கள் பெரியம்மா இருக்கிறார். "என் ரேஷன் கார்டுல பிள்ளை பேரைச் சேர்த்துக்கலாம், சென்டாக்ல சீட் வாங்கிடலாம்" என்றார் ஆசையாக. சென்டாக் என்பது புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பு. அதில் புதுச்சேரி மாநிலத்தவர் என்று விண்ணப்பிக்க, அங்கே ஐந்து வருஷம் தொடர்ந்து குடியிருந்ததற்கான சான்று வேண்டும். கார்டில் பெயர் சேர்த்தால் குடியிருந்ததாக ஆகிவிடாது. பொய்ச் சான்று என்று பிடிபட்டால் பாதிப் படிப்பில் சீட் போகும். பிற மாநில ஒதுக்கீட்டில் போட்டி அதிகம், அந்த அரசின் உதவித்தொகையும் நமக்குக் கிடையாது. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் மத்திய அரசுடையது, அதற்குக் குடியிருப்புச் சான்று தேவையில்லை. ஆனால் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் படிப்புகளுக்கு க்யூட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதன் விண்ணப்பம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. நம் ஊரில் எல்லாரும் ரிசல்ட்டுக்குப் பிறகுதான் கல்லூரி பற்றி யோசிக்கிறோம், மத்தியப் பல்கலைக்கழகங்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. அதற்கு ஓபிசி சான்றும் மத்திய அரசு படிவத்தில் தனியாக வாங்க வேண்டும், நம் எம்பிசி சான்று போதாது.

கட்ஆஃப் 160-ஐ ஒட்டி வந்தது. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200-க்கு. முந்தைய வருஷங்களில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எவ்வளவில் சீட் முடிந்தது என்ற பட்டியல் டிஎன்இஏ தளத்திலேயே இருக்கிறது. அதோடு, செமஸ்டர் தோறும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி சதவீதத்தையும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பஸ் முழுக்க விளம்பரம் ஒட்டியிருக்கும் சில கல்லூரிகளின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

நேரில் போய்ப் பார்த்த ஒரு தனியார் கல்லூரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அட்மிஷன் மேஜையில் இருந்த தம்பி ரொம்ப மரியாதையாகப் பேசினார். "கவுன்சிலிங்ல வந்தா 55,000 மேடம், ஃபர்ஸ்ட் கிராஜுவேட் 25,000 போக 30,000 கட்டினா போதும்" என்றார். தனியார் கல்லூரிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் அரசுக் குழு 2017-இல் வைத்த கணக்கு அதுதான்: தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000, பெறாததற்கு 50,000. சரி, மற்றவை? நோட்டீஸைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். பஸ், யூனிஃபார்ம், ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங், அசோசியேஷன், புத்தகம். கூட்டினால் அந்த முப்பதாயிரம் அறுபதைத் தாண்டியது. "தம்பி, இதையே பேனாவால எழுதி சீல் வச்சுத் தாங்க" என்றேன். மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று உள்ளே போனார். திரும்பி வந்தவர் நோட்டீஸையும் கையோடு எடுத்துக்கொண்டார். வாசல் டீக்கடையில் நின்ற மாணவிகளிடம் கேட்டபோது, காலேஜ் பஸ்ஸில் வராவிட்டாலும் பஸ் ஃபீஸ் கேட்பார்கள் என்றார்கள். எல்லாத் தனியார் கல்லூரியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். இன்னொன்றில் ரசீது மாதிரியையே எடுத்துக் காட்டினார்கள், கூடுதலாக எதுவும் இல்லை. அதைப் பட்டியலில் வைத்தேன்.

ஹாஸ்டல் போட்டால் எந்த அரசுக் கல்லூரியும் மாமாவின் தொகைக்குள் வரவில்லை. எனவே காலையில் வீட்டிலிருந்து கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய இடங்கள்தான். விழுப்புரம்-மயிலாடுதுறை ரயில் பாதை எங்களுக்குக் கைகொடுத்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் ஒரு பக்கம் பண்ருட்டி, விழுப்புரம், மறுபக்கம் சிதம்பரம். பண்ருட்டியிலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன, கட்டணமும் தனியாரைவிடக் குறைவு. மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் பயணச் செலவு பெரிதாக வராது.

கல்விக்கடன் பேச்சும் வந்தது. நாலு லட்சம் வரை அடமானமோ முன்பணமோ வங்கி கேட்காது, வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். தேவைப்பட்டால் மூன்றாம் வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தோம்.

விருப்பப் பட்டியல் போடும்போதுதான் வீட்டில் சண்டை. "கிடைக்கிற காலேஜை முதல்ல போடுடி, இல்லன்னா ஒண்ணும் கிடைக்காது" என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. ரேங்க் முறை வரும்போது எந்த இடம் காலியாக இருக்கிறதோ, அதில் மேலே இருப்பதைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். எட்டாத கல்லூரியை மேலே போட்டால் அதைத் தாண்டிப் போகும், நஷ்டம் ஒன்றுமில்லை. எளிதில் கிடைப்பதை மேலே போட்டால் அதற்குக் கீழே இருக்கும் நல்ல கல்லூரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எண்ணிக்கைக்கும் வரம்பு இல்லை. இதை அக்காவுக்குப் புரியவைக்கத் துண்டுச் சீட்டுகளில் கல்லூரிப் பெயர்களை எழுதித் தரையில் அடுக்கிக் காட்டினேன். சங்கவியே உட்கார்ந்து சீட்டுகளை மேலும் கீழும் நகர்த்தினாள். முதலில் விழுப்புரம் இசிஇ, அடுத்து பண்ருட்டி இசிஇ, பிறகு ரசீது காட்டிய தனியார் கல்லூரி. சேரவே மாட்டோம் என்ற கல்லூரி ஒன்றைக்கூட வைக்கவில்லை. பென்சில் கல்லூரி தரையோடு போயிற்று.

இதற்கிடையில் போன் தொல்லை. ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்தே யார் யாரோ சங்கவி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நம்பர் எப்படிப் போனது என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. "பத்தாயிரம் கட்டி சீட் பிளாக் பண்ணுங்க, ஒரிஜினல் சர்டிஃபிகேட் கொடுத்து வைங்க." மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் குழு வைத்த தொகையே 85,000, 87,000 என்று போகிறது. "கவுன்சிலிங்ல வந்தாலும் எங்க காலேஜ்தான் கிடைக்கும்" என்று ஒருவர் மாமாவையே மடக்கப் பார்த்தார். அப்படியானால் கவுன்சிலிங்கிலேயே வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார் மாமா. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. விதி நம் பக்கம் இருந்தாலும், கொடுத்துவிட்டுப் போராடுவதைவிடக் கொடுக்காமல் இருப்பது நிம்மதி.

பெரியார் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு முதலில் கூப்பிட்டுவிட்டார்கள். பொறியியல் கலந்தாய்வு அப்போது தொடங்கவே இல்லை. அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மற்ற கட்டணங்கள் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். சேர்த்துவிட்டோம். பொறியியல் சரியாக அமையாவிட்டால் அங்கேயே படிப்பது என்பதில் சங்கவிக்குத் தயக்கம் இல்லை. கடற்கரைப் பக்கம் இருக்கிற கல்லூரி, மகளிருக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ், கணக்கும் பிடிக்கும். எனக்கும் அது இரண்டாம்பட்சமாகத் தோன்றவில்லை.

கலந்தாய்வில் முதலில் தற்காலிகமாக வந்தது தனியார் கல்லூரி. அதை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே இருப்பது கிடைக்குமா என்று காத்திருக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தாள். பதில் சொல்ல இரண்டு நாள்தான் தருவார்கள், அந்த நேரத்தில் போனில் நெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில நாளில் பண்ருட்டி இசிஇ வந்தது. விழுப்புரம் எட்டவில்லை. முதல் வருஷக் கட்டணம், சீசன் டிக்கெட், புத்தகம் எல்லாம் சேர்த்து மாமா சொன்ன 36,000-க்குள் அடங்கிவிட்டது. லேப்டாப் மட்டும் அடங்கவில்லை, அதற்கு நான் சீட்டு எடுத்தேன்.

பெரியார் கல்லூரியில் டி.சி. வாங்கப் போனோம். பொறியியல் ஒதுக்கீட்டு ஆணையின் நகலையும் ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். ஆபீஸில் இருந்த அம்மா ரிஜிஸ்டரில் சங்கவி பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருந்த பெண்ணின் நம்பருக்குப் போன் போட ஆரம்பித்தார்.