பிடித்துவைத்த கடைசிச் சம்பளத்தைக் கேட்டுப் பெற்ற அனுபவம்

தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் பணியாற்றிவந்த என்னை ஆட்குறைப்பு என்று சொல்லி நீக்கிய நிர்வாகம், கணக்கு முடித்துப் பணம் தர 45 நாளாகும் என்றது. பலரும் இதைச் சட்டம் என்றே நம்பிக் காத்திருக்கிறார்கள். ஆனால் அப்போது நடைமுறையில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி, முதலாளியே ஒருவரை நீக்கினால், அவர் ஈட்டிய ஊதியத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். மாதம் 24,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கே அச்சட்டம் பொருந்தியது. என் சம்பளம் அதற்குள்தான் இருந்தது.

விதியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகு பணம் வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. சம்பளச் சீட்டில் 'இதர பிடித்தம்' என்ற வரிக்கு நேரே பெரிய தொகை ஒன்று இருந்தது. கேட்டதற்கு, ஸ்டாக்கில் சில கருவிகள் குறைவதாகச் சொன்னார்கள். ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் தொலைந்தால் பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், அதற்கு முன் அவரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்படியொரு நோட்டீஸ் வரவே இல்லை. இதற்கிடையே, 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்ற தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், நான் போடவில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய ஒப்பந்தம் அச்சட்டப்படி செல்லாது என்றாலும், பிறகு வாதாடுவானேன்?

அச்சட்டப்படி, பிடித்தம் நடந்த 12 மாதங்களுக்குள் உரிய அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டியிருந்தது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், நீக்கல் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்தேன். விசாரணையில் நிர்வாகத்தின் பிரதிநிதி பொருள் வழங்கல் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். குறைந்ததாகச் சொன்ன கருவிகளுக்கு நேரே வேறொரு ஷிப்ட்காரரின் கையெழுத்து இருந்தது. என்னிடம் விளக்கம் கேட்ட கடிதத்தின் நகலை அதிகாரி கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. பிடித்த தொகையைத் திருப்பித் தர உத்தரவாயிற்று. அத்தொகையைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம் என்றாலும், எனக்குக் கிடைத்தது சொற்பம்தான்.

அதே காலத்தில் தானாக ராஜினாமா செய்த சக ஊழியருக்கு அந்த இரண்டு நாள் விதி உதவவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் ராஜினாமாவும் அவ்விதிக்குள் வருகிறது. சம்பள உச்சவரம்பு இல்லை. மனுச் செய்ய மூன்று ஆண்டு அவகாசமும் உண்டு.