கொக்கின் வெண்மையைக் காப்பாற்றுதல்

கொழும்பை அடுத்த தலங்கம குளக்கரையில் சென்ற மாதம் எடுத்த முந்நூறு படங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டேன். குவியத்தில் பிழை இல்லை. கொக்கின் கண் தெளிவாகவே துலங்கியது. ஆனால் கழுத்திலிருந்து இறக்கை வரை ஓர் இறகுக்கோடுகூடத் தெரியாமல், வெள்ளைக் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது.

தவறு என்னுடையதுதான். கமராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது. கருத்த நீரின் நடுவே சிறிய வெண்கொக்கு ஒன்று நின்றால், காட்சி இருட்டாக இருப்பதாக எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதில் கொக்கு வெளுத்துப் போகும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பட்ட மரத்தில் அமர்ந்திருக்கும் நீர்க்காகத்துக்கோ நேர்மாறாக நடந்து, அது வெறும் கரிய நிழலாகிவிடும். ஆகவே வெளிச்ச அளவை முன்னதற்கு ஒரு படி குறைத்தும் (அதாவது பாதியாக்கியும்), பின்னதற்கு ஒரு படி கூட்டியும் (இரட்டிப்பாக்கியும்) வைப்பது நல்ல தொடக்கம். பறக்கும் கொக்குக்கு இதுவும் போதாது: நீர்மட்டத்திலிருந்து வானத்துக்கு அது எழும்போது பின்னணி மாறுகிறதே தவிர, அதன்மேல் விழும் வெயில் மாறுவதில்லை. எனவே, வெயில் நிலையாக உள்ளபோது எல்லா அளவுகளையும் நானே பூட்டிவிடுகிறேன். காலை ஏழேகால் வெயிலுக்கு திரைவேகம் 1/2000 வினாடி, வில்லையின் துளையளவு எஃப் 6.3, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 500 என்ற அளவில் தொடங்கி, திரையில் வெள்ளைப் பகுதி மினுக்கி எச்சரித்தால் சற்றுக் குறைப்பேன். கொழும்பில் சூரியன் செங்குத்தாக விரைந்து ஏறுவதால், எட்டரைக்குப் பிறகு கமராவைப் பைக்குள் வைப்பதே மேல்.

சட்டகத்தைப் பொறுத்தவரை, முழங்காலில் சேறு படாமல் நல்ல படம் கிடைப்பது அரிது. பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால் பின்னாலுள்ள கரை தொலைவாகி, கலங்கிய பச்சையாக மாறிவிடும். அது பார்க்கும் திசையில் இடம் விடவும் வேண்டும். கொழும்பு நகரின் நடுவேயுள்ள பேரை வாவியின் கூழைக்கடாக்களை எடுக்கும்போது மட்டும் பின்னாலுள்ள அடுக்குமாடிகளை நான் ஒதுக்குவதில்லை. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட ஊரில், கட்டடமும் அலகும் ஒரே சட்டகத்தில் வருவதில் என்ன குறை?

கணினியில் செய்வது குறைவு. கமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் நிழலைத் தூக்கலாம், முற்றாக வெளுத்ததை மீட்க முடியாது. 24 மெகாபிக்சல் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினால் 6 மெகாபிக்சல்தான் மிஞ்சும்; அச்சிடும்போது அது தெரிந்துவிடும். கூர்மையைப் பறவைக்கும், இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான மாசு) நீக்கத்தைப் பின்னணிக்கும் தனித்தனியே கொடுக்கிறேன். நீலத் தாழைக்கோழியின் நீலத்தை மட்டும் தொடுவதேயில்லை. அது ஏற்கெனவே நம்பமுடியாத நீலம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அதே கரைக்கு மீண்டும் போனேன். படம் திரையில் சற்று இருண்டே தெரிந்தது. வீட்டில் நிழல்களை மெல்லத் தூக்கியபோது, இறக்கையின் மடிப்பில் சாம்பல் நிழல்கள் வரிவரியாக வந்தன. அலகின் நுனியில் ஒரு துளி நீர் தொங்கிக்கொண்டிருந்தது.