நீல வில்லை

கும்பகோணத்திலிருந்து கிளம்பும்போது ஊறுகாய் பாட்டிலுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே ஒரு கேம்லின் வாட்டர்கலர் டப்பாவும் பெட்டியில் ஏறியது. பன்னிரண்டு வில்லைகள். ஊரில் மஞ்சளும் காவியும்தான் முதலில் குழி விழும். நீலம் ஆகாயத்துக்கு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் முதல் குளிர்காலம் முடிவதற்குள் நீலம் தரை தட்டிவிட்டது.

வந்த புதிதில், படம் போட ஊர் சுற்ற வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நயாகரா போனேன், வரைந்தது சலூன் காலண்டர் மாதிரி வந்தது. அக்டோபரில் அல்கான்குவின் பூங்கா. மேப்பிள் மரங்களின் சிவப்பையெல்லாம் தாளில் கொட்டிக்கொண்டு வந்தால், "என்னங்க, குங்குமச்சிமிழ் கவுந்துடுச்சா?" என்றாள் மனைவி. சரிதான், அப்படித்தான் இருந்தது.

ஆனாலும் அந்தப் பயணம் வீண் இல்லை. அங்கே ஒரு ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தபோது, கறுப்பு என்று நினைத்த தண்ணீருக்குள் எத்தனை பச்சை என்று தெரிந்தது. அதே கண்ணோடு திரும்பியதால்தான், ஜனவரியில் வீட்டு வாசல் பனியும் வெறும் வெள்ளை இல்லை என்று பிடிபட்டது. வெயில் படும் இடம்தான் வெள்ளை. மரத்தின் நிழலுக்குள் ஆகாயத்தின் வெளிச்சம் மட்டும் விழுவதால், அந்த இடம் சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருக்கிறது.

பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் ஸ்கார்பரோ பிளஃப்ஸ். ஒன்டாரியோ ஏரியை ஒட்டி, மணலும் களிமண்ணுமாகச் சில இடங்களில் 90 மீட்டர் வரை நிற்கும் செங்குத்துக் கரை. 1793-ல் இங்கு வந்த எலிசபெத் சிம்கோ, அப்போதைய பிரிட்டிஷ் லெப்டினன்ட் கவர்னரின் மனைவி, தானும் நீர்வண்ணத்தில் வரைகிறவர், இதைப் பார்த்ததும் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ ஞாபகம் வந்து அந்தப் பேரையே வைத்துவிட்டார். (ஏற்கெனவே இங்கே வாழ்ந்த மக்களைக் கேட்டாரா என்பது வேறு விஷயம்.) எனக்கோ அது வெள்ளத்தில் இடிந்த கொள்ளிடக் கரை. புது இடத்தில் யாருக்கும் முதலில் தெரிவது சொந்த ஊர்தான் போலிருக்கிறது.

அந்தக் கரையின் மேலேயே 1939-ல் இடம் வாங்கி வீடு கட்டியவர் ஓவியர் டோரிஸ் மெக்கார்த்தி. 'முட்டாளின் சொர்க்கம்' என்று அம்மா செய்த கேலியையே வீட்டுக்குப் பேராக வைத்துக்கொண்டார். நாற்பது வருடம் ஓவிய ஆசிரியை. 1972-ல் ஓய்வு பெற்றதும் ஆர்க்டிக் போய்ப் பனிப்பாறைகளை வரையத் தொடங்கினார். அப்புறமும் திரும்பி வந்தது அதே ஏரிக்கரை வீட்டுக்குத்தான். நூறு வயது வாழ்ந்தார்.

நான் ஆர்க்டிக் போகிற மாதிரி இல்லை. போன வாரம் மைனஸ் எட்டில் பஸ் ஸ்டாப்பில் நின்று வரைந்தேன். தாளில் நீலம் காய்வதற்குள் உறைந்து, பெரணி இலை மாதிரி தானாகக் கோடு போட்டுக்கொண்டது. நான் போட்டிருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா எட்டிப் பார்த்தார். "தம்பி, படம் கீறுறீங்களோ?" எங்கள் ஊரில் கீறினால் ரத்தம்தான் வரும். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

"நிழலுக்கு ஏன் நீலம் அடிச்சனீங்கள்?"

எதிரே மரத்தடியைக் காட்டினேன். பஸ் வரும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், நீலந்தான். இருவது வருசமா இதிலதான் நிக்கிறன்," என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.