மூன்று நிமிடப் பாட்டு, மூன்று தரம்

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிரிக்கெட், பரிசளிப்பு விழா, கண்டிப்பான அதிபர் என்றுதான் எழுதுவார்கள். அவையும் எழுதப்பட வேண்டியவைதான். நான் எழுத விரும்புவது 1970களின் நடுப்பகுதியில் எங்களுக்குச் சங்கீதம் படிப்பித்த மாஸ்டரைப் பற்றி. 'சங்கீத சேர்' என்றால் அந்தக் காலத்தில் படித்த எல்லோருக்கும் ஆளைத் தெரியும். எங்கள் அப்பா அம்மாவும், அவர்களுக்கு முந்தியவர்களும் கேட்ட பாட்டுகளைப் பதின்மூன்று பதினான்கு வயதுப் பெடியன்களின் காதில் அவர் எப்படி ஏற்றினார் என்பதைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. இன்று கனடாவில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க நாங்கள் படும் பாட்டைப் பார்க்கும்போது அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது.

அப்போது எங்களுக்குப் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே சட்டை போடுவோம். புதுப் படப் பாட்டு ஒன்று வந்தால் அடுத்த நாளே வகுப்பில் பாதிப்பேருக்கு அது பாடம். சங்கீத வகுப்பு வேறு உலகம். அங்கே மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்ப ஸ்வரப் பயிற்சிகள், அப்புறம் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை. சோதனை எடுக்கிறவர்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் பாடவேளை முடியட்டும் என்று இருப்பவர்கள். சேர் அந்த மற்றவர்களைக் கைவிடவில்லை. அவரை நான் இவ்வளவு மதிப்பதற்கு அதுவே முதல் காரணம்.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்துக்கு அவர் சைக்கிள் கரியரில் ஒரு பெட்டியைச் சாக்கால் சுற்றிக் கட்டிக் கொண்டுவருவார். கையால் சாவி கொடுக்கும் கிராமபோன். கூடவே பழைய 78 சுற்று இசைத்தட்டுகள், ஊசி நிறைந்த சின்னத் தகரப்பெட்டி ஒன்று. தட்டு அரக்கில் செய்தது. கை தவறினால் சில்லுச் சில்லாகப் போய்விடும். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்த ஊசி தட்டின் வரியைக் கீறிவிடும். அந்த ஊசி மாற்றும் வேலையை வகுப்பில் அதிகம் குழப்படி செய்கிறவனிடம் கொடுப்பார். ஒரு தட்டையும் அவன் உடைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் போட்டது எஸ்.ஜி. கிட்டப்பாவின் 'காயாத கானகத்தே'. இரைச்சலுக்குள்ளே இருந்து ஒரு குரல், நாங்கள் அதுவரை எந்த ஆண் குரலிலும் கேட்டிராத உச்சத்தில். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சேர் ஏசவில்லை. மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் அந்தப் பக்கம் ஓடும். முடிந்ததும் ஊசியை மாற்றச் சொல்லி அதே பக்கத்தைத் திரும்பவும் போட்டார். "இந்த முறை பாட்டைக் கேக்க வேண்டாம். பின்னால என்னென்ன வாசிக்கினம் எண்டு மட்டும் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். சிரிப்பு அரைவாசியாகக் குறைந்தது. ஹார்மோனியம் என்று ஒருவன் சொன்னான், தாளத்துக்கு என்ன என்று இரண்டு பேர் வாதாடினார்கள். மூன்றாம் முறை, "இப்ப அவர் எங்க மூச்சு எடுக்கிறார் எண்டு பாருங்கோ." யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்த மூச்சைத் தேடிக்கொண்டிருந்தோம். கிட்டப்பா ஒரே வரியை வேறு விதமாக மெருகேற்றும் சங்கதி ஒன்றை இழுத்துக்கொண்டு மேலே போக, வகுப்பும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. மூன்றாம் முறை கடைசியில் சாவி தளர்ந்து தட்டு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. குரல் கனத்து, சுருதி கீழே இறங்கியது. பரீட்சை எடுக்காத கூட்டத்திலிருந்து ஒருவன், "சேர், சுருதி இறங்குது" என்றான். சரளி வரிசையில் ஒரு நாளும் சுருதியோடு நின்றவன் அல்ல அவன். சேரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அவ்வளவு சந்தோஷம். சாவியைச் சுற்றச் சுற்றச் சுருதி ஏற, விட விட இறங்க, அதை வைத்தே அன்று எங்களுக்கு சுருதி என்றால் என்ன என்று காட்டிவிட்டார்.

பாட்டைக் கேட்ட பிறகுதான் கதை சொல்வார், முன்னர் சொல்ல மாட்டார். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இன்று நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் பெருமையைச் சொல்கிறோம்: இவர் மேதை, இது பொக்கிஷம், மரியாதையாகக் கேள். பிள்ளை மரியாதையாக உட்கார்ந்திருக்கும், காதில் ஒன்றும் ஏறாது. சேர் எங்களைச் சிரிக்க விட்டார். அப்புறம் சொன்னார்: அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது, கடைசி வரிசையில் பாயில் இருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும், அதற்காகத்தான் இந்த உச்ச ஸ்தாயி. செங்கோட்டையிலிருந்து வந்த கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் 1926ல் கொழும்பில் நாடகம் நடிக்க வந்த இடத்தில்தான் ஒன்றாக மேடை ஏறினார்கள் என்றார். கிட்டப்பா 1933ல் மறையும்போது வயது 27 என்றதும் வகுப்பு ஒரு கணம் அடங்கிப்போனது. அது எங்கள் சில பேருடைய அண்ணன்மாரின் வயது.

அடுத்த கிழமை அதே பாட்டு, ஆனால் டி.ஆர். மகாலிங்கம் 1945ல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் பாடியது. கிட்டப்பா போய் 12 வருஷத்துக்குப் பிறகு, மைக்குக்கு முன்னால் நின்று பாடியது. குரல் அவருக்கும் உச்சம்தான். எது மாறியது, எது மாறவில்லை என்று ஒரு பாடவேளை முழுக்கக் கதைத்தோம். பிறகு ஒரு கோயில் திருவிழாவில் நடிகமணி வி.வி. வைரமுத்துவின் மயான காண்டம், அரிச்சந்திரன் நாடகம், என்று கேள்விப்பட்டதும், வீட்டில் சொல்லிவிட்டு வரச்சொல்லி எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். காங்கேசன்துறை வைரமுத்துவின் பெயரை அதற்கு முன்னும் கேட்டிருக்கிறோம். பெரியாக்கள் பார்க்கும் விஷயம் என்று விட்டுவிடுவோம். அன்றிரவு சுடலை காக்கும் அரிச்சந்திரன் வாய் திறந்து பாடத் தொடங்கியபோது எங்களில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சேரைத் திரும்பிப் பார்த்தோம். தட்டில் கேட்ட அதே வழி. தமிழகத்து நாடகக் கம்பனிகள் இங்கே வந்து ஆடிப்போட்டுப் போனதை எங்கள் ஊர்க்காரர் தங்கள் கொட்டகைக் கூத்தாக வளர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதை யாரும் விளக்கத் தேவை இருக்கவில்லை. விடிய விடியப் பார்த்தோம். பக்கத்தில் இருந்த ஆச்சிமார் சந்திரமதிக்காக அழுதார்கள், எனக்கும் அழுகை வந்தது.

தேவாரத்தை அவர் எடுத்த விதமும் அப்படித்தான். காலைக் கூட்டத்தில் 'தோடுடைய செவியன்' நாங்கள் வாய்ப்பாடாகச் சொல்வது. சம்பந்தரின் முதற் பதிகம், பண், அதாவது பழந்தமிழ் ராகம், நட்டபாடை, இன்றைக்கு ஓதுவார்கள் அதைக் கம்பீரநாட்டை ராகத்தில் பாடுகிறார்கள் என்று ஒரு நாள் பாடிக் காட்டினார். பிறகு, நல்லூரில் சுவாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் முதலில் என்ன வாசிக்கிறார்கள் என்று கேட்டார். மல்லாரி என்பது எல்லோருக்கும் தெரியும். "அது என்ன ராகம் எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றார், அவ்வளவுதான். திருவிழாக் கூட்டத்துக்குள்ளே வாத்தியகாரருக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டோம். நாதஸ்வரம் தூரத்தில் கேட்பது வேறு, நாலடி தள்ளி நின்று கேட்பது வேறு. தவிலின் அடி நெஞ்சாங்கூட்டில் விழும். மெல்ல முணுமுணுத்துப் பார்த்தால், அட, காலையில் பாடுகிற தேவாரத்தின் அதே ராகம்! 1300 வருஷத்துக்கு முந்திய சொல்லும், தேருக்கு முன்னால் போகும் வாத்தியமும் அன்றைக்கு என் காதில் ஒன்றாகச் சேர்ந்தன. அதற்குப் பிறகு காலைக் கூட்டத்தில் நான் தேவாரத்தை ஒப்புக்குச் சொன்னதில்லை.

தவில் மேதை தெட்சிணாமூர்த்தி 1975ல் காலமானார். இணுவிலும் அளவெட்டியும் எங்களுக்குச் சைக்கிள் தூரம். அந்தக் கிழமை ஊரே அதைத்தான் கதைத்தது. நாற்பதைத் தாண்டிச் சிறிது காலம்தான், அதற்குள் தமிழகம் முழுக்கப் புகழ் பெற்றவர். அவர் வாசிப்பைச் சிறுவயதில் நேரில் கேட்டிருந்தும் என்ன கேட்கிறோம் என்று அப்போது தெரியாது என்று பெரிய வகுப்பு அண்ணன்மார் வருந்தியது நினைவிருக்கிறது. சேர் அதன் பிறகு இன்னும் அவசரப்பட்டார் என்று எனக்குப் படுகிறது. இருக்கிறவர்களை இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்ற அவசரம்.

அந்த அவசரத்தில் வந்ததுதான் பாட்டுக் கொப்பி. ஒவ்வொருவரும் தன் வீட்டில் மூத்தவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு, எழுதி, பாடப் பழகி வர வேண்டும். சினிமாப் பாட்டு கூடாது. இதில் பரீட்சை எடுக்கிறவனும் எடுக்காதவனும் சமம், ஏனென்றால் ஆச்சி எல்லோர் வீட்டிலும் இருந்தார். வந்தவற்றை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. தாலாட்டு, நெல் அறுக்கும்போது பாடும் அருவி வெட்டுப் பாட்டு, காத்தவராயன் கூத்துப் பாட்டு, கோயில் ஊஞ்சற் பாட்டு. கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவன், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைக் கொண்டுவந்தான். தனியே பாடினால் அது எழும்பவில்லை. சேர் உடனே வகுப்பில் இருந்த நீளக் கயிறு ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் எங்களை நிறுத்தி இழுக்க வைத்தார். இழுவைக்கு ஒரு அடி, அதற்குப் பதில் அடி. எங்கே மூச்சு விட வேண்டும் என்று கை சொன்னது. பக்கத்து வகுப்பு மாஸ்டர் என்ன சத்தம் என்று பார்க்க வந்து, கதவடியிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார்.

கத்தோலிக்க நண்பன் ஒருவன் தன் அம்மம்மாவிடம் கேட்டு வந்தது வியாகுலப் பிரசங்கம். பெரிய வெள்ளிக்கு முன் தேவாலயத்தில் இராகமாக, ஏறக்குறைய ஒப்பாரி போல வாசிப்பது. 18ஆம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது என்று சேர் சொன்னார். சைவப் பெடியன்களான எங்களுக்கு அதன் சொற்கள் புதிது, ஆனால் அந்த இழுவை புதிதல்ல. எங்கள் ஊரில் செத்தவீட்டில் ஆச்சிமார் அழுவது அந்த இழுவையில்தான்.

என் வீட்டில் அப்பு, என் தாத்தா. அவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. கேட்டதும் முதலில், "போடா, எனக்கென்ன தெரியும்" என்றார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் இருந்து, சின்ன வயதில் தோட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்கும்போது பாடிய பாட்டைத் தானாகவே தொடங்கினார். ஆச்சி உள்ளேயிருந்து ஒரு அடியைத் திருத்தினார். இருவரும் அதைப் பற்றி நெடுநேரம் சண்டை பிடித்தார்கள். நான் விளக்கடியில் இருந்து எழுதிக்கொண்டேன். அவர் காலமாகும்வரை அதன் பிறகு என்னிடம் பாட்டைப் பற்றிக் கதைப்பார். அதற்கு முன் நாங்கள் இருவரும் கதைத்தது மிகக் குறைவு.

அந்தக் கொப்பிகள் எதுவும் இன்று இல்லை. சேரின் தட்டுகளும் இல்லை. 1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே இடம்பெயர்ந்தபோது உயிரோடு வெளிக்கிட்டதே பெரிய காரியம், அரக்குத் தட்டை யார் தூக்கிக்கொண்டு போவது. துலாப் பாட்டில் எனக்கு நாலு அடிதான் மிச்சம்.

இங்கே, ரொறன்ரோவில், எங்கள் பிள்ளைகளுக்குக் கிட்டப்பாவைக் கேட்பதற்கு ஊசியும் வேண்டாம், சாவியும் வேண்டாம். யூடியூபில் தட்டினால் வரும். வாய்ப்பாட்டு, மிருதங்கம், வீணை என்று வகுப்புகளுக்கும் குறைவில்லை, அரங்கேற்றம் செய்கிற பிள்ளைகளின் திறமை எங்கள் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் தாத்தா என்ன பாடுவார் என்று தெரியும்? பழைய பாட்டு ஒன்றை ஒருவர் பக்கத்தில் இருந்து நிறுத்தி, திரும்பப் போட்டு, 'இப்ப இதைக் கவனி' என்று சொல்வது இல்லாமல் போய்விட்டது. பட்டியல் போட்டு ஐம்பது பாட்டு அனுப்பினால் பிள்ளை ஒன்றையும் கேட்காது. ஒரு பாட்டை மூன்று முறை சேர்ந்து இருந்து கேட்டால் கேட்கும். எங்கள் வீட்டில் என் பேத்தியோடு இதைச் செய்துவருகிறேன். அவளும் முதல் முறை சிரித்தாள். நான் மிகவும் சந்தோஷப்பட்டேன்.

ஆகவே எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். குளிர்கால ஒன்றுகூடலில் சினிமாப் பாட்டுக் கரோக்கிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணித்தியாலத்தை இதற்குத் தாருங்கள். வருகிற ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் மூத்தவரிடம் கேட்டு ஒரு பாட்டை, நாலு அடியானாலும் சரி, பாடட்டும். பாட வெட்கமென்றால் தொலைபேசியில் பதிந்து வந்து போடட்டும். யார் பாடியது, எந்த ஊர், என்ன வேலை செய்யும்போது பாடியது என்பதையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள். அம்பாப் பாட்டு யாராவது கொண்டுவந்தால் கயிறு நான் கொண்டுவருகிறேன். எங்கள் வகுப்பில் படித்த யாரிடமாவது அந்தக் காலத்துக் கொப்பியின் ஒரு தாளாவது தப்பியிருந்தால், தயவுசெய்து மலர்க் குழுவுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். துலாப் பாட்டின் மிச்ச அடிகள் தெரிந்தவர்கள் இருந்தால் என்னோடு கதையுங்கள்.