ஒரு வாளித் தண்ணீர்

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. 2015 ஏப்ரல் 25 ஒரு சனிக்கிழமைதான். நண்பகலுக்குச் சற்று முன்பு 7.8 அளவில் நிலம் ஆடியபோது பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்து விழுந்தன. அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 9,000 பேர். "மறுநாள் நடந்திருந்தால்..." என்று ஆரம்பித்தார், நுவாகோட் மாவட்டத்தில் நான் முதலில் சந்தித்த தலைமையாசிரியர். அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை. பள்ளிகளைத் திரும்பக் கட்டும் பணியில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக நான் அங்கே போயிருந்தேன். வேலையில் சலிப்பு வந்த நாட்களில் எல்லாம் அவர் நிறுத்திய இடம்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் கச்சிதமாக இருந்தன. எம் 20 கான்கிரீட் என்றால் 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். கலவையைக் கனசதுர அச்சில் வார்த்து, இறுகியபின் நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனையின் முடிவுகள் எல்லாமே அதற்கு மேலேதான். சரி, நல்ல வேலை நடக்கிறது என்று நம்பினேன். ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மலைக்கிராமத்துத் தளத்துக்குப் போனேன். கியூபுக்கான கலவையைத் தனியாக, அளந்து, கவனமாகக் கலந்துகொண்டிருந்தார்கள். தூணுக்குப் போன கலவையோ கூழாக இருந்தது. அச்சில் இருந்த கான்கிரீட்டுக்கும் தூணில் இருந்த கான்கிரீட்டுக்கும் எந்த உறவும் இல்லை.

50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. மழையில் நனைந்த மணலே கொஞ்சம் தண்ணீரைக் கொண்டுவந்துவிடும், அதையும் கழிக்க வேண்டும். அதற்கு மேல் 10 லிட்டர் வாளி ஒன்றைச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு வலிமையாவது போய்விடும். அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒப்பந்ததாரருக்குக் கடுமையாக எழுதிவிட்டேன். அப்புறம்தான் கொத்தனாரிடம் உட்கார்ந்து பேசினேன். நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலை அதுதான்.

"தாய், வைப்ரேட்டர் கெட்டுப்போய் மூன்று வாரம் ஆகிறது" என்றார் அவர். தாய் என்றால் நேபாளியில் அண்ணன். வைப்ரேட்டர் என்பது ஊசி எனப்படும் குழாயைக் கலவைக்குள் விட்டு, அதிரவைத்து இறக்கும் கருவி. தூணில் கம்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. கெட்டியான கலவை அவற்றுக்கிடையே இறங்காது. வைப்ரேட்டர் இல்லாமல் அதை இறக்கத் தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வழி. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. காத்மாண்டுவில் இருந்து வைப்ரேட்டருக்குப் புது ஊசி வந்து சேர்ந்த நாளில் இருந்து அந்தத் தளத்தில் கூடுதல் வாளியை நான் பார்க்கவில்லை. அந்த ஊசியை முதல் வாரமே வரவழைத்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். என் சரிபார்ப்புப் பட்டியலில் சிமெண்டின் தேதி இருந்தது, மணலின் வண்டல் அளவு இருந்தது. கருவி ஓடுகிறதா என்ற கேள்வி இல்லை.

அதே பள்ளியில் இன்னொரு தூணை இடிக்கச் சொல்ல வேண்டி வந்தது. அச்சுப் பலகையைப் பிரித்தபோது அடிப்பகுதியில் ஜல்லி வெளியே தெரிந்தது. சுரண்டிப் பார்த்தால், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் கொக்கிகள் 90 டிகிரியில் வளைக்கப்பட்டிருந்தன. அவை 135 டிகிரியில் வளைந்து தூணின் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். நிலம் ஆடும்போது வெளிப்பூச்சுக் கான்கிரீட் உதிரும். 90 டிகிரிக் கொக்கி அப்போது பிரிந்துகொள்ளும், ரிங் திறந்துவிடும், நெடுங்கம்பிகள் பிதுங்கும். தூண் அதோடு முடிந்தது.

பள்ளி நிர்வாகக் குழுவினர் திரண்டு வந்தார்கள். பிள்ளைகள் மூங்கிலும் தகரமும் வைத்துக் கட்டிய கொட்டகையில் இரண்டாவது குளிர்காலத்தைக் கழிக்கப்போகிறார்கள், நீங்கள் கட்டியதை இடிக்கச் சொல்கிறீர்களே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் டிகிரி, கோணம் என்று பேசியது யாருக்கும் ஏறவில்லை. மணல் சுமக்க வந்த ஒரு பெண்மணி தன் டோகோ கூடையை இறக்கி வைத்து நின்றிருந்தார். அந்தக் கூடையின் விளிம்பைக் காட்டினேன். மூங்கில் பட்டையின் நுனியை உள்ளே சொருகியிருந்தது. "இந்த நுனியை வெளியே விட்டால்?" என்று கேட்டேன்.

"பாதி வழியில் பிரிந்துவிடும்" என்றார் உடனே. பிறகு இடிக்க வேண்டிய தூணைத் திரும்பிப் பார்த்தார். குழுத் தலைவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை தூணை உடைத்தார்கள்.

அடுத்த தூணுக்குக் கம்பி கட்டியபோது நான் வேறு தளத்தில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், வளைக்கப்பட்ட ரிங்குகளில் ஏழு மட்டும் தனியாக ஓர் ஓரத்தில் கிடந்தன. யார் ஒதுக்கினார்கள் என்று கேட்டேன். கொத்தனார் மணல் குவியலுக்குப் பக்கம் கை காட்டினார். அந்தப் பெண்மணி அடுத்த சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஏழையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கொக்கிகளும் 90 டிகிரி.